சுறுசுறுப்புக்கு ஒரு தம்ளர்

கை தட்டினேன். தட்டாமல் இருக்க முடியாது. இந்த ஹாலில் யார் எழுந்து எதைச் சொன்னாலும் மற்றவர்கள் மூன்று தரம் தட்டி ஒரே குரலில் 'சூப்பர்' சொல்ல வேண்டும், அதுதான் இங்கே பழக்கம். ரயில்வேயிலிருந்து ரிட்டயர் ஆனவர் தன் மலச்சிக்கல் தீர்ந்த கதையை எழுந்து நின்று சொன்னார், அதற்கும் தட்டினோம். பச்சைச் சுடிதார் போட்ட அம்மா, சத்துப்பானம் குடிக்க ஆரம்பித்த பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை என்கிறாள், அதற்கும் தட்டியாயிற்று. உள்ளங்கையெல்லாம் வெனிலா வாசனை. வெனிலா என்ன பாவம் செய்தது, ஆனாலும் அந்த வாசனை மூக்கில் ஏறினாலே எனக்கு இப்போது எரிச்சல் வருகிறது. ஹால் என்றால் பெரிய ஹால் இல்லை. விளாங்குடியில் ஒரு மாடி வீட்டை என் நாத்தனார் ராஜாத்தி வாடகைக்கு எடுத்து, சுவரில் பலூன் ஒட்டி, குண்டாக இருந்தவர்கள் இளைத்த படங்களையும் நோஞ்சானாக இருந்தவர்கள் தேறிய படங்களையும் மாட்டி, நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, தினமும் விடிந்தும் விடியாமலும் மிக்சியில் பவுடர் அடித்து ஆளுக்கொரு தம்ளர் கொடுக்கிறாள். வீட்டில் அவள் எனக்கு மதினி. இங்கே மதினி என்று கூப்பிடக்கூடாதாம், கோச் என்று கூப்பிட வேண்டுமாம். நாக்கு வரமாட்டேன் என்கிறது. பேச்சு வாசல் பக்கமிருந்து வரிசையாகச் சுற்றி வருகிறது, இன்னும் நாலைந்து பேர் போனால் என் முறை. நான் என்ன சொல்ல வேண்டும் என்பதை மதினி நான் வந்ததுமே படிக்கட்டில் நிறுத்திச் சொல்லிவிட்டாள், என் முழங்கைக் கட்டைத் தொட்டுக் காட்டி. "இந்தக் கட்டக் காட்டுத்தா. வண்டியில தூங்கி விழுந்தேன், அதுக்கப்புறந்தான் இதக் குடிக்க ஆரம்பிச்சேன், இப்ப தூக்கமே வரலைன்னு சொல்லு. ரெண்டே வரி. இன்னிக்குப் புது ஆளு வர்றாரு." அதுக்கப்புறந்தானாம். நான் வண்டியிலிருந்து விழுந்தது இந்தப் பானத்தைக் குடித்துக்கொண்டிருந்த நாட்களில். அன்று காலையிலும் இதே நாற்காலியில் உட்கார்ந்து, இதே வெனிலாவைக் குடித்து, மூன்று மூன்றாகக் கைதட்டிவிட்டுப் போய்த்தான் விழுந்தேன். முன்னதைப் பின்னதாக மாற்றிச் சொன்னால் போதுமாம், ரெண்டே வரிதானாம்.

ரெண்டு வரி. என் தூக்கத்தைப் பற்றி எல்லாருமே ரெண்டு வரியில்தான் பேசுகிறார்கள். தமயந்திக்கு எப்போது பார்த்தாலும் தூக்கம், தமயந்திக்குச் சத்து இல்லை. முடிந்தது கதை. நான் ஜவுளிக்கடையில் நிற்கிறேன். வேலை பார்க்கிறேன் என்பதைவிட நிற்கிறேன் என்று சொல்வதுதான் சரி, ஷட்டர் ஏறியதிலிருந்து ராத்திரி ஷட்டர் இறங்கும்வரை பட்டுச்சேலைப் பிரிவில் நிற்கிறேன். நிற்கிற பெண்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டம் வந்தது, ஸ்டூலும் வந்தது, கவுண்டருக்கு அடியில் பிளாஸ்டிக் உறை கிழிக்காமல் கிடக்கிறது. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் வந்து தன்மையாகத்தான் சொல்வார், "உக்காந்திருந்தா வர்றவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும்மா." அவருக்கு ஒரு மாதிரி, வருகிறவர்களுக்கு ஒரு மாதிரி, என் காலுக்கு எந்த மாதிரி என்று யாரும் கேட்டதில்லை. பதினோரு மணி வாக்கில் அது வரும். முதலில் காது மந்தமாகும், பிறகு கழுத்துக்குப் பின்னால் யாரோ கை வைத்து மெல்ல அமுக்குவது போலிருக்கும், சேலையை விரித்து முந்தானைக்கு வருவதற்குள் கண் சொருகிவிடும். ஒருநாள் ஒரு கல்யாண வீட்டம்மா, "ஏம்மா, நான் வேற கலர் எடுக்கச் சொன்னேன், நீ மடிச்சதையே மடிச்சுக்கிட்டு இருக்க" என்றாள். தூங்கிக்கொண்டே மடித்திருக்கிறேன், கை அதுபாட்டுக்கு வேலை செய்திருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. தீபாவளி சமயத்தில் கடையில் கருணை பொங்கும், பெரிய டிரம்மில் குளுக்கோஸ் கரைத்து எலுமிச்சை பிழிந்து வைப்பார்கள். குடிங்கம்மா, தெம்பா நில்லுங்க. நிற்கத்தான் தெம்பு. குடித்தவுடன் விறுவிறுவென்று இருக்கும், நாலு பெட்டியை ஒரே மூச்சில் இறக்குவோம், அப்புறம் ஒரு மணி நேரத்தில் மொத்தமாக வடிந்துபோய் முன்பிருந்ததைவிட மோசமாக நிற்போம். நிற்க வைத்தவனே குளுக்கோஸும் கரைத்துக் கொடுக்கிறான், நாங்களும் வரிசையில் நின்று வாங்கிக் குடித்துவிட்டு அவனை நல்லவன் என்கிறோம். எனக்கு வாய் பேச வராது. வந்திருந்தால் அந்த டிரம்மை உருட்டிவிட்டிருப்பேன்.

இப்போது மாம்பழச் சுவை குடிக்கிற பெண் எழுந்திருக்கிறாள். பிரசவத்துக்குப் பிறகு ஒரே அசதியாம், இப்போது நாள் பூராவும் சுறுசுறுப்பாம். மூன்று தட்டு. சூப்பர். சுறுசுறுப்பு. சிறுவயதிலிருந்து இந்த வார்த்தை என்னைத் துரத்துகிறது. அம்மா அலமாரியின் மேல் தட்டில் ஒரு கண்ணாடிப் பாட்டில் வைத்திருந்தாள், பழுப்பு நிறத்தில் மால்ட் பவுடர், மேலே ஒரு பையன் பந்தை உதைக்கிற படம். அது அண்ணன் கதிருக்கு. அவன் படிக்கிற பிள்ளை, பரீட்சைக்கு விழித்திருக்கிற பிள்ளை, பாலில் கலந்து நுரை ஆற்றி அவன் மேஜையில் கொண்டுபோய் வைக்க வேண்டியது நான். நானும் பரீட்சைக்குத்தான் படித்தேன், அதே ஊரில், அதே வெயிலில். எனக்கு டீ. ஸ்பூனில் ஒட்டியிருப்பதை அடுப்படியில் நின்று நக்குவேன், மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரவே வராது, நாக்கால் சுரண்டிச் சுரண்டி அந்த இனிப்பை ஒரு மணி நேரம் வைத்திருப்பேன். அண்ணன் அதைக் குடித்துவிட்டுப் புத்தகத்தின் மேலேயே கவிழ்ந்து தூங்குவான், வாயோரம் எச்சில் வழிய. அம்மா விசிறிவிட்டுச் சொல்வாள், "பிள்ளைக்கு அசதி, லைட்ட அமத்துத்தா." என்ன நியாயம் இது. அவன் தூங்கினால் அசதி, நான் தூங்கினால் சோம்பேறித்தனம். அவன் தூங்கினால் விளக்கை அணைத்தார்கள், நான் தூங்கினால் விளக்கைப் போட்டு எழுப்பினார்கள். இத்தனை வருடம் கழித்து இப்போது எனக்கும் ஒரு தம்ளர் கிடைத்திருக்கிறது, முழுத் தம்ளர், நுரையோடு. அதைக் குடித்துவிட்டுத் தூங்கலாம் என்றால் இது தூங்காமல் இருப்பதற்காம்.

மால்ட் பாட்டிலை விடு. என்னை அரிப்பது அது இல்லை. இந்தப் பவுடரில் ஏதோ விஷம் கிடக்கிறது என்றும் நான் சொல்லவில்லை, இருந்தாலும் எனக்குத் தெரியாது, நான் டாக்டருக்குப் படிக்கவில்லை. எனக்குத் தெரிந்தது என் உடம்பு. காலையில் இட்லி கிடையாது, இந்தத் தம்ளர்தான் பலகாரம் என்று மதினி சட்டம் போட்டுவிட்டாள். குடித்த முதல் ஒரு மணி நேரம் தலை லேசாகும், வீட்டில் பாத்திரங்கள் பளிச்சென்று துலங்கும், மகள் நிறைமதிக்குப் பின்னல் போடும்போது கை பறக்கும், அட நல்லாத்தான் இருக்கு என்று நானே நினைப்பேன். பிறகு வயிறு காலி, கை லேசாக நடுங்கும், தூக்கம் பதினோரு மணி வரைக்கும் காத்திருக்காமல் சீக்கிரமே வந்து உட்கார்ந்துகொள்ளும். இதை மதினியிடம் சொன்னேன். சொல்லாமல் இல்லை. அவள் முகமெல்லாம் சிரிப்பு. "அது நல்லதுத்தா. கழிவு பூராம் வெளியேறுது, அதான் ஒடம்பு தூங்கச் சொல்லுது. நிப்பாட்டிராத." சுறுசுறுப்பாக இருந்தால் பானம் வேலை செய்கிறது, தூக்கம் வந்தால் பானம் இன்னும் நன்றாக வேலை செய்கிறது. தலைவலித்தால் நல்லது, வயிற்றைக் கலக்கினால் ரொம்ப நல்லது. எப்படிப் போனாலும் முட்டிக்கொள்கிற மாதிரி ஒரு சந்து. கழிவு, கழிவு. உடம்பு தூங்கச் சொல்லுது என்று அவள் வாயாலேயே சொன்னாள் பார், அதற்கு அடுத்து, அப்படியென்றால் போய்த் தூங்கு என்று வர வேண்டியதுதானே நியாயம், அது மட்டும் யார் வாயிலும் வருவதில்லை.

எங்கே தூங்குவது. எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் விடிவதற்கு முன்னால் வருகிறது, எப்போது வரும் என்று சொல்ல முடியாது, குழாய் முதலில் காற்றை உறிஞ்சுகிற சத்தம் போடும், அந்தச் சத்தத்துக்கு என் காது தூக்கத்திலும் விழித்திருக்கும். என் வீட்டுக்காரர் இவர் காதுக்கு அது கேட்பதே இல்லை. குருநாதன் நல்ல மனிதர், குடி கிடையாது, கை நீட்டுவது கிடையாது, ஆனால் குழாய்ச் சத்தம் மட்டும் கேட்காது. தண்ணீர் பிடித்து, சமைத்து, டப்பா கட்டி, இங்கே வந்து கைதட்டி, திரும்பிப் போய்ப் பிள்ளையைக் கிளப்பி, கடைக்குப் போய், ராத்திரி வந்து பாத்திரம் கழுவி, நான் படுப்பதற்கும் குழாய் கூப்பிடுவதற்கும் நடுவில் எவ்வளவு இருக்கிறது. அதைக் கூட்டிப் பார்க்க யாருக்கும் கணக்குத் தெரியாதா என்ன. தெரியும். கூட்டினால் விடை எல்லாருக்கும் தொந்தரவு. அதனால் எனக்குச் சத்து இல்லை. அன்று நிறைமதியைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் போனேன், பாத்திமா காலேஜ் பக்கம் போகிற ரோடு, நல்ல வெளிச்சம், பள்ளம்கூட இல்லை. ரோடு இருந்தது, பிறகு ரோடு இல்லை, பிறகு முழங்கைக்குக் கீழே ஜல்லி. நடுவில் இருந்தது என்னிடம் இல்லை, அதைத் தேடித் தேடிப் பார்க்கிறேன், கிடைக்கவே மாட்டேன் என்கிறது. பிள்ளைக்குச் சிராய்ப்புகூட இல்லை, பை மட்டும் கிழிந்தது. அவள் அழவில்லை, எழுந்து நின்று பாவாடையைத் தட்டிவிட்டுச் சொன்னாள், "அம்மா, நீ கண்ண மூடிக்கிட்டு ஓட்டுன. நான் கண்ணாடியில பாத்தேன்." பார்த்திருக்கிறாள். நாலாம் வகுப்புப் பிள்ளை, என் முதுகைப் பிடித்துக்கொண்டு, பக்கக் கண்ணாடியில் அம்மாவின் மூடிய கண்ணைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். "தூங்குறப்ப எழுப்பக் கூடாதுன்னு" என்றாள். அந்த வீட்டில், அந்தத் தெருவில், இந்த ஊரிலேயே, நான் தூங்குகிறேன் எழுப்பக்கூடாது என்று நினைத்த ஒரே ஆள் அவள்தான், நினைத்த இடம் ஓடுகிற வண்டி. இவர் சாவியை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். பிள்ளையை வேனில் சேர்த்தார். என்னிடம், "அக்கா சொல்றத ஒழுங்காக் குடி" என்றார். பிரச்சினை தீர்ந்தது.

வேன். வாசலில் செருப்புக் கழற்றுகிற சத்தம், மதினி மிக்சியை நிறுத்திவிட்டு, "வாங்கண்ணே, வாங்கண்ணே, ஒங்களுக்காகத்தான் வெயிட்டிங்கு" என்று ஓடுகிறாள். புது ஆள். பார்த்தால் சோணைமுத்து. எங்கள் வேன்காரர். என் பிள்ளை போகிற மஞ்சள் வேனை ஓட்டுகிற அதே சோணைமுத்து அண்ணன், காக்கிச் சட்டைக் காலரில் ஒரு மல்லிகை மொட்டு ஒட்டியிருக்கிறது. மதினி அவரைக் கொண்டுவந்து என் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார வைக்கிறாள், வேண்டுமென்றே. தம்ளர் கையில் கொடுத்தாயிற்று, முதல் நாள் இலவசம். "நிறைமதி அம்மாவா" என்கிறார். கண் இரண்டும் மிளகாய்ப்பழம். "என்னண்ணே, ஒடம்பு சரியில்லையா" என்று கேட்டேன். "ஒடம்புக்கென்ன. ராத்திரி நெலக்கோட்டையில பூ லோடு ஏத்தி மாட்டுத்தாவணியில எறக்கிட்டு அப்பிடியே வர்றேன். ரெண்டு மாசமா இதே ஓட்டந்தான். வண்டியில உக்காந்தா கண்ண இழுக்குதும்மா. நேத்து கூடல்நகர் ரயில்வே கேட்டுக்கிட்ட பிள்ளைக சத்தம் போட்டு எழுப்புச்சுக." சாதாரணமாகச் சொல்கிறார், காய்கறி விலை சொல்வது போல. பிள்ளைகள் எழுப்பினார்களாம். எந்தப் பிள்ளை. என் பிள்ளை எழுப்பியிருக்காது. அது எழுப்பக்கூடாது என்று சும்மா இருந்திருக்கும், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு. தம்ளரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் சாய்கிறார். "ஒங்களுக்கு நெசமாவே நின்னுருச்சாம்மா, தூக்கம்? ஒங்க மதினி சொன்னாக. நீங்க சொன்னா நான் நம்புவேன். நின்னுரும்னா பகல்லயும் ஒரு லோடு பிடிச்சிருவேன்." நான் வாயைத் திறப்பதற்குள் மதினி வந்துவிட்டாள். "அவ வாயாலயே சொல்லுவா, கேளுங்கண்ணே. அடுத்தாப்புல அவதான்."

அடுத்து நான்தான். எனக்கு முன்னால் இன்னும் ஒருவர், சர்க்கரை நோய்க்காரர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கிறார், நிதானமாகப் பேசுகிற ஆள், பேசட்டும். கீழே வேன் நிற்பது ஜன்னல் வழியாகத் தெரிகிறது, காலியாக, கதவு திறந்து. இங்கிருந்து போய் அதைக் கிளப்பி ஒவ்வொரு வாசலாக நிறுத்துவார், எங்கள் வாசலிலும் நிறுத்துவார், ஹாரன் அடிப்பார், நிறைமதி ஓடிவந்து கண்ணாடி தெரிகிற இடம் பார்த்து உட்காருவாள். என் ரெண்டு வரியைக் கேட்டுவிட்டு ஓட்டுவார். நான் பொய் சொன்னால், தமயந்தியம்மா வண்டியிலிருந்தே விழுந்த ஆள், அவளுக்கே நின்றுவிட்டது என்று நம்பி, பகலிலும் ஒரு லோடு பிடிப்பார். மெய் சொன்னால் மதினி. ராஜாத்தி மதினி ஒன்றும் கெட்டவள் இல்லை, அதுதான் கஷ்டம். புருஷன் போன பிறகு யார் வீட்டிலும் போய் உட்காரமாட்டேன் என்று இந்த மாடியைப் பிடித்தாள், இந்த பலூனை அவளே ஊதினாள், நான் விழுந்தபோது முதலில் ஓடிவந்து மஞ்சள் அரைத்து வைத்தவளும் அவள்தான். இத்தனை பேர் முன்னால் நான் மாற்றிச் சொன்னால் நாளைக்கு நாற்காலி காலியாகும், சாயங்காலம் இவர் என்னிடம் பேசமாட்டார், பேசாமல் இருப்பதில் இவரை மிஞ்ச ஆள் இல்லை. நோகாமல் ஒரு வழி இருக்கிறதா. சோணைமுத்து அண்ணனிடம் தனியாக, படியில் வைத்து, காதோடு சொல்லிவிடலாம். சொல்லலாம். ஆனால் இங்கே எழுந்து ஒன்றும் அங்கே இறங்கி ஒன்றும் சொன்னால் அவர் எதை நம்புவார், எத்தனை பேர் கைதட்டினார்களோ அதைத்தான் நம்புவார், நானும் அப்படித்தானே நம்பினேன். மதினி ஃபிரிட்ஜைத் திறக்கிறாள். பால் எடுக்கத்தான் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. தலையை உள்ளே விட்டு, கதவை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு, கொட்டாவி விடுகிறாள். பெரிய கொட்டாவி, தோள் இரண்டும் மேலே ஏறி இறங்குகிறது, இரண்டாவதும் வருகிறது. பிறகு கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினால் முகத்தில் அதே சிரிப்பு. எனக்கு அழுகையா ஆத்திரமா தெரியவில்லை. இவளும்தானா. ஊரை எழுப்புகிறவள் ஃபிரிட்ஜுக்குள் ஒளிந்து கொட்டாவி விடுகிறாளே. எத்தனை பேர் இந்த வட்டத்தில், எல்லார் கண்ணுக்குக் கீழும் கறுப்பு, ஒருவர்கூடத் தூங்கப் போகவில்லை, குடித்துக்கொண்டிருக்கிறோம்.

மூன்று தட்டு. சூப்பர். "அடுத்து நம்ம தமயந்தி" என்கிறாள் மதினி, கையால் என் கட்டைக் காட்டி. எழுந்தேன். காலில் கடையின் கனம், கடைக்கு இன்னும் போகவேயில்லை, அதற்குள் கனம். "என் பேரு தமயந்தி" என்றேன். என் குரல் எனக்கே கோபமாகக் கேட்டது, கேட்கட்டும். "நான் வண்டியில தூங்கி விழுந்தேன். இதக் குடிக்கிறதுக்கு முன்னாடி இல்ல. குடிச்சுட்டுத்தான் விழுந்தேன். இங்க வந்து, குடிச்சு, கைதட்டிட்டுப் போயி, எம்பிள்ளையப் பின்னால வச்சுக்கிட்டு விழுந்தேன். எனக்குத் தூக்கம் நிக்கல. நிக்கவும் நிக்காது. நான் தூங்குறதே இல்ல, அதான் எனக்குத் தூக்கம் வருது. இதுல ஒரு ரகசியமும் இல்ல. தூக்கத்துக்குப் பவுடர் கெடையாது. தூக்கத்துக்குத் தூங்கணும்." மதினியின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோயிருந்தது, அதை எடுத்துவிட அவளுக்குத் தெரியவில்லை. "மதினி, நீங்களுந்தான்" என்றேன். கோச் என்று சொல்லவில்லை. உட்கார்ந்தேன். இப்போது திட்டுவார்கள், எழுந்து போவார்கள், ரயில்வேக்காரர் ஏதாவது கேட்பார், கேட்டால் சொல்வேன், இன்னும் இருக்கிறது வயிற்றில். அவர்கள் மூன்று தரம் தட்டினார்கள். ஒரே குரலில் சூப்பர் என்றார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன சொன்னேன் என்று ஒருவராவது கேட்டார்களா. பச்சைச் சுடிதார் என்னைப் பார்த்துத் தலையாட்டிச் சிரிக்கிறாள், மாம்பழப் பெண் செல்போனில் இருக்கிறாள். சரி, இவர்கள் போகட்டும், எனக்கு இவர்கள் வேண்டாம், கேட்க வேண்டிய ஆள் ஒருவர்தான், என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். திரும்பினேன். சோணைமுத்து அண்ணன் கை தட்டிக்கொண்டிருந்தார், மற்றவர்கள் நிறுத்திய பிறகும், கண்ணைக் கசக்கிக்கொண்டே, தட்டுச் சத்தத்தில்தான் எழுந்திருக்கிறார் என்பது கன்னத்தில் விழுந்திருந்த விரல் அச்சில் தெரிந்தது. நான் பேசியதெல்லாம் அவருக்குத் தூக்கத்தில் போயிருக்கிறது. "சூப்பர்மா" என்றார் சிரித்துக்கொண்டே. "அப்ப நின்னுருச்சு. நானும் நாளையிலருந்து வந்துர்றேன்." வெளியே பார்த்தார். "நேரமாச்சே, மொதப் பிள்ள வாசல்ல நிக்கும்" என்று எழுந்தார்.

காலித் தம்ளரும் வேன் சாவியும் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்த ஸ்டூலில் கிடந்தன. அவர் கை நீட்டுவதற்கு முன்னால் என் கை சாவியை எடுத்துவிட்டது. யோசித்து எடுக்கவில்லை. கடையில் மடிப்பது போல அதுபாட்டுக்கு எடுத்தது, ஆனால் இப்போது நான் விழித்திருந்தேன், நன்றாக விழித்திருந்தேன். "என்னம்மா" என்றார். "நீங்க ஓட்ட வேணாம்ணே." "பிள்ளைக நிக்கும்மா." "நிக்கட்டும். அவுக வீட்டுல கொண்டு போயி விடட்டும், இல்லைன்னா இன்னைக்கி லீவு போடட்டும்." செல்போனில் வேன் பெற்றோர்களின் வாட்சப் குழுவைத் திறந்து வாயருகே வைத்தேன். "இன்னைக்குக் காலையில வேன் வராது. டிரைவருக்குத் தூக்கம்" என்று பேசி அனுப்பினேன். காய்ச்சல் என்று சொல்லியிருக்கலாம், எல்லாரும் பாவம் என்பார்கள். சொல்ல மனம் வரவில்லை. பதில்கள் விழ ஆரம்பித்தன, நான் பார்க்கவில்லை. "ஏத்தா, என்ன பண்ற" என்று மதினி கிட்டே வந்தாள். அவளையும் பார்த்தேன், கண் மை கலைந்திருந்தது, திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சோணைமுத்து அண்ணனைப் பார்த்தாள். பிறகு எடை பார்க்கிற மெஷினை ஓரமாகத் தள்ளி, உள் அறைக் கதவைத் திறந்து, அவளுடைய பாயை விரித்துவிட்டு வந்தாள். அவர் அந்தப் பாயைப் பார்த்தபடி நின்றார், யாரோ அவர் பேரைத் தப்பாகக் கூப்பிட்டுவிட்டது போல. நாற்பது நாற்பத்தைந்து வயதிருக்கும் மனிதர், அவர் உதடு கோணியது. "தூங்குங்கண்ணே" என்றேன். யாராவது என்னிடம் ஒரு தரம் சொல்ல மாட்டார்களா என்று நான் வருடக்கணக்காகக் காத்திருந்த வார்த்தை, வாயில் வருவதற்கு இவ்வளவு லேசாக இருந்தது. "யாரும் எழுப்ப மாட்டாங்க. நான் முழிச்சிருக்கேன்."